ஒட்டுவதற்கு முன் உள்ளே பாருங்கள்: மர வீட்டு கிட் பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்தப் பகுதியில் என் மேசையில் இருக்கும், பிரான்சின் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த கிராமத்து வீடு ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். பலகையாக (மரநாரை அழுத்திச் செய்தது) வந்த, நாமே ஒட்டிக் கட்ட வேண்டிய கிட் அது, 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைச் சிப்பாய்களுக்கான அளவு, இரண்டாம் உலகப் போரில் 1944-ல் நடக்கும் மேசைப் போர் விளையாட்டுக்காகக் கட்டினேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: சின்னப் பொம்மைச் சிப்பாய்கள், அளவுநாடா, பகடை, மேசை நிறைய வீடும் வேலியும் மரமும், சதுரங்கம் மாதிரிக் கட்டம் எதுவும் கிடையாது, இதுதான் அந்த விளையாட்டு. படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பையனின் பிறந்தநாளுக்கு மர வீட்டு கிட் ஒன்று வாங்கினோம். பெட்டியில் மூன்று பலகையும் ஒரு படத்தாளும்தான் இருக்கின்றன. எங்கே ஆரம்பிப்பது?
(வாசகி, கோயம்புத்தூர்)

முதலில் எதையும் பலகையிலிருந்து பிய்க்காதீர்கள். பெட்டியைத் திறந்ததும் எல்லோருக்கும் கை போவது அங்கேதான். பிய்த்துவிட்டால் சுவரும் கதவும் ஜன்னல் சட்டமும் மேசையெல்லாம் பரவிவிடும், அப்புறம் ஒரே மாதிரி இருக்கும் நாலு நீளத் துண்டில் எது எந்த மாடிக்கு என்று தேடியே ஒரு சாயங்காலம் போய்விடும். துண்டுகள் பலகையில் இருக்கும்போதே ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்: முன்சுவர், இடது சுவர், மாடித் தரை, இப்படி. அதன்பிறகு துண்டைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் சின்னச் சின்ன இணைப்புகளைப் பின்பக்கத்திலிருந்து கட்டரால் நறுக்கி எடுக்க வேண்டும் (கட்டர் வேலை மட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது). விரலால் அழுத்தித் தள்ளினால் மேல்பரப்பு நாராக உரிந்து வந்துவிடும், அந்த இடத்தைப் பிறகு எவ்வளவு பூசினாலும் தெரியும்.

அடுத்து, பசை இல்லாமல் வீடு முழுவதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஒரு துண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு அடுத்த துண்டின் காடிக்குள் (அதற்கென வெட்டிய துளை) போக மறுத்தால் தட்ட வேண்டாம், நாக்கின் பக்கவாட்டில் உப்புத்தாளை இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், போய்விடும்.

இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அடித்துச் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. ஒட்டுவதற்கு முன்னால் பெயிண்ட் அடியுங்கள், அதிலும் வீட்டின் உட்புறத்தை. அலமாரியில் வைக்கிற பொம்மை வீடு என்றால் உள்ளே யாரும் பார்க்கப் போவதில்லை. இந்த விளையாட்டில் அப்படியில்லை: சிப்பாய்கள் வீட்டுக்குள் நுழைவார்கள், கூரையைத் தூக்கி வைத்துவிட்டு மாடியில் இரண்டு பேரை நிறுத்துவீர்கள், மாடியையும் எடுத்துவிட்டுக் கீழே சண்டை நடக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் உட்புறம் கண்ணில் படும். நாலு சுவரையும் ஒட்டிய பிறகு மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் மூலைக்குள் எந்தப் பிரஷும் போகாது. என் முதல் வீட்டில் அந்த மூலை இன்றைக்கும் வெறும் பலகையாகத்தான் இருக்கிறது, கூரையைத் தூக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

அதனால் சுவர்கள் மேசையில் படுத்திருக்கும்போதே உள்பக்கத்தை முடித்துவிடுங்கள். பசை படப்போகும் ஓரங்களிலும் காடிகளிலும் மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டி வையுங்கள், வெள்ளைப் பசைக்கு வெறும் மரம் வேண்டும், பெயிண்ட் மேல் ஒட்டினால் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். ஜன்னல் சட்டங்களையும் கதவுகளையும் பலகையிலிருந்து எடுக்காமலே ஸ்ப்ரே அடித்துவிடலாம், அவை கடைசியில் ஒட்ட வேண்டியவை. கூரையையும் மாடித் தரையையும் ஒட்டவே கூடாது, அவை மேலே உட்கார வேண்டும், அவ்வளவுதான். பெயிண்டின் கனம் ஏறியபிறகும் தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

ஆரம்பிக்கும் முன் பையனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள்? ரொட்டி சுடுபவர் என்று சொன்னால் கீழ்த்தளத்தில் மாவு படிந்த வெளிறிய தரை வரும், அடுப்புச் சுவரில் கரி வரும், மாடியில் பரிசுப்பொருள் சுற்றும் காகிதத்திலிருந்து சின்னப் பூப்போட்ட பகுதியை வெட்டி ஒட்டிய சுவர் வரும். அப்படி யோசித்துக் கட்டிய வீடு, மேசையில் தனியாகத் தெரியும்.

ஃபெவிக்காலா, ஃபெவிக்விக்கா?
(வாசகர், திருச்சி)

ஃபெவிக்கால். வெள்ளைப் பசை எதுவானாலும் சரி. எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பிசினோடு கலந்து சூட்டில் அழுத்திய பலகை, வெள்ளைப் பசை அந்த நாருக்குள் ஊறிப் பிடித்துக்கொள்ளும். உடனடிப் பசை நொடியில் பிடித்துவிடுவதால் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நேரமே தராது, இணைப்பும் சட்டென்று முறியும், அதன் ஆவி பட்டு ஜன்னல் பிளாஸ்டிக் தாள் வெண்மையாக மங்கிப்போவதும் உண்டு. கதவுக் கைப்பிடி மாதிரிச் சின்ன உலோகத் துண்டுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பல்குத்தும் குச்சியால் மெல்லிய கோடாகப் பசை வையுங்கள். வெளியே பிதுங்கினால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் கெட்டி அட்டைப் புத்தகத்தின் மூலை போதும். ரப்பர் பேண்டு நாலு சுற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

வெட்டிய ஓரமெல்லாம் கறுப்பாக இருக்கிறது, கையில் கரி ஒட்டுகிறது, வாசனையும் வருகிறது. பெயிண்ட் அடித்தால் ஓரம் மட்டும் உறிஞ்சிக்கொண்டு ரோமம் ரோமமாக நிற்கிறது. மட்டமான கிட்டா?
(வாசகர், நாகப்பட்டினம்)

இல்லை, எல்லா கிட்டும் அப்படித்தான். இந்த வேலைக்கு வழக்கமாக இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, அது போகும் வழியில் இருக்கும் மரத்தை எரித்து ஆவியாக்குகிறது. ரம்பம் அறுக்கிறது, லேசர் எரிக்கிறது, அதனால் வெட்டின இரண்டு பக்கமும் கரி நிற்கிறது. நாரைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் சேர்ந்து கருகுவதுதான் அந்த வாசனை. பெட்டியைத் திறந்து காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைத்தால் பெரும்பகுதி போய்விடும்.

ஓரம் உறிஞ்சுவதற்குக் காரணம் வேறு. பலகையின் மேல்பரப்பும் அடிப்பரப்பும் அழுத்தத்தில் இறுகி வழவழப்பாக இருக்கும், நடுப்பகுதி அவ்வளவு இறுக்கம் இல்லை. வெட்டின ஓரத்தில் அந்த நடுப்பகுதி திறந்து கிடக்கிறது. தண்ணீர் கலந்த பெயிண்ட் பட்டதும் நார் உப்பி எழுந்து நிற்கிறது. பலர் ஃபெவிக்காலைத் தண்ணீரில் கரைத்து ஓரத்தில் பூசச் சொல்வார்கள், அதுவும் வேலை செய்யும், ஆனால் அதிலும் தண்ணீர் இருப்பதால் முதல் பூச்சில் கொஞ்சம் உப்பத்தான் செய்யும், காய்ந்தபிறகு தேய்த்துவிட்டு இன்னொரு பூச்சு தர வேண்டும்.

நான் செய்வது தச்சர்களின் வழி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்ச் பாலிஷ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதில் தண்ணீர் இல்லாததால் நார் எழும்பாது, சீக்கிரம் காயும். இன்னொரு நன்மையும் இருக்கிறது: அந்தக் கரியின் பழுப்பு நிறம் மேலே கசிந்து வராமல் அரக்கு தடுத்துவிடும். வெளிர் நிறச் சுவர் அடிப்பவர்களுக்கு இது முக்கியம், இல்லையென்றால் வெட்டுக் கோடுகள் இருக்கும் இடத்திலெல்லாம் காப்பிக் கறை மாதிரித் தெரிந்துகொண்டே இருக்கும். முதலில் ஓரத்தை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, இரண்டு மெல்லிய பூச்சு. அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது, ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும்.

தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். எம்.டி.எஃப். தூசி மிக நுண்ணியது, பிசினில் ஃபார்மால்டிஹைடும் இருக்கும். மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ உட்கார்ந்து தேய்ப்பது நல்லது.

மூலைகளில் பல் பல்லாக இணைப்பு தெரிகிறது. எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் வீடு மாதிரி இல்லை, மரப்பெட்டி மாதிரி இருக்கிறது.
(வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் லேசர் கிட்டின் ஒரே பெரிய குறை இதுதான். லேசர் தட்டையாக மட்டுமே வெட்டும். செங்கல், கல் வரிசை எல்லாம் மேலே கீறின கோடுகள்தான், ஆழமே கிடையாது. ஜன்னலும் சுவரும் கூரையும் ஒரே வழவழப்பில் இருக்கும். நிஜ வீட்டில் எந்த இரண்டு பொருளும் ஒரே வழவழப்பில் இருப்பதில்லை, கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

மூலைக்கு இரண்டு வழி. காரை பூசிய வீடு என்றால் பட்டி பாருங்கள், நம் வீட்டுச் சுவருக்குப் பார்ப்பது போலவே. பட்டியைக் கெட்டியாகக் குழைத்துப் பல் இடுக்குகளில் திணித்து, காய்ந்ததும் தேய்த்து, பிறகு சுவர் முழுவதும் மெல்லிய ஒரு பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே பழைய டூத்பிரஷ்ஷால் ஒற்றி எடுத்தால் கைப்பூச்சுச் சுவரின் சொரசொரப்பு வந்துவிடும். அங்கங்கே பூச்சு உதிர்ந்து உள்ளே செங்கல் தெரிவது மாதிரி ஒரு திட்டை விட்டுவிடுங்கள். கிட்டில் செங்கல் கீறல் இருந்தால் அந்த இடத்தை மூடாமல் விட்டாலே போதும்.

கல் கட்டடம் என்றால் மூலைக்கல் ஒட்டுங்கள். கார்ன் ஃப்ளேக்ஸ் பெட்டியின் அட்டையைச் சின்னச் செவ்வகங்களாக வெட்டி, ஒரு கல் நீளம், அடுத்த கல் குட்டை என்று மாற்றி மாற்றி, கீழிருந்து மேலே. நிஜத்தில் கொத்தனார் மூலையை அப்படித்தான் கட்டுவார், அதனால் பல் இணைப்பு மறைந்ததோடு வீட்டுக்கு ஓர் எலும்பும் வந்துவிடும். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் நகத்தால் கொஞ்சம் மழுக்குங்கள்.

கூரைதான் மேசையில் அதிகம் தெரியும் பகுதி, நாம் மேலிருந்துதானே பார்க்கிறோம். கீறின கூரையை அப்படியே விடாதீர்கள். அதே அட்டையில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில் பட்டைகள் வெட்டி, ஒரு பக்க ஓரத்திலிருந்து பாதிவரை வரிசையாக வெட்டு போட்டு, கூரையின் அடியிலிருந்து முகடுவரை ஒன்றின் மேல் ஒன்று ஏறுமாறு ஒட்டிக்கொண்டே போங்கள். சிலேட்டுக் கூரை தயார். சில ஓடுகளின் மூலையைப் பிய்த்துவிடுங்கள், ஒன்றிரண்டு சரிந்து நிற்கட்டும். ஒரு கூரைக்கு எனக்கு இரண்டு சாயங்காலம் ஆகும், அந்த நேரத்தை நான் ஒருபோதும் வீணாக நினைத்ததில்லை.

கீறின கோடுகளை அப்படியே காப்பாற்ற நினைத்தால் ஸ்ப்ரேயை மெல்லியதாக அடியுங்கள், கனமாக அடித்தால் கோடு அடைந்துவிடும்.

ஒரு சுவர் பெயிண்ட் அடித்த மறுநாள் வில் மாதிரி வளைந்துவிட்டது.
(வாசகர், சிங்கப்பூர்)

ஒரு பக்கம் மட்டும் அடித்திருப்பீர்கள். ஒரு முகம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, மறுமுகம் அப்படியே இருக்கிறது, பலகை வளைகிறது. மறுபக்கமும் ஒரு பூச்சு தந்து, காய்ந்ததும் இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒருநாள் விடுங்கள், பெரும்பாலும் நேராகிவிடும். சிங்கப்பூர், சென்னை ஈரப்பதத்துக்கு ப்ரைமரை இரண்டு பக்கமும் அடிப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

மாதிரி ரயில்கள் செய்பவன் நான். என்னிடம் 1/76 அளவு (நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு) வீடுகள் நிறைய இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்தலாமா? கிட் வீட்டின் கதவு எனக்குப் பெரியதாகத் தெரிகிறது.
(வாசகர், டொரண்டோ)

28 மில்லிமீட்டர் சிப்பாய்க்கு 1/56 அளவை ஒட்டித்தான் வீடு செய்கிறார்கள். நிஜத்தில் 2 மீட்டர் உயரக் கதவு 1/56-ல் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர், உங்கள் 1/76-ல் 26. சிப்பாயோ காலடியில் ஒட்டின அடித்தட்டின் மேல் நிற்கிறான், தலைக்கவசம் வேறு, உங்கள் கதவுக்குள் குனிந்தால்கூட நுழைய முடியாது. பிளாஸ்டிக் 1/72 சிப்பாய்கள் வைத்து விளையாடுங்கள், உங்கள் வீடுகள் அத்தனையும் உபயோகப்படும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கதவு ஏன் பெரியது என்பதற்கு அந்த அடித்தட்டுதான் பதில். 25 மில்லிமீட்டர் வட்டத்தில் நிற்கும் ஆள் உள்ளே போக வேண்டும். வீட்டின் நீளத்திலோ நேர்மாறாகக் கஞ்சத்தனம் செய்திருப்பார்கள், அதற்கும் காரணம் உண்டு. வழக்கமான மேசை 6 அடிக்கு 4 அடி. 1/56 கணக்கில் அது நிஜத்தில் சுமார் 102 மீட்டருக்கு 68 மீட்டர் நிலம், ஒரு தெருவின் பாதி. போல்ட் ஆக்‌ஷன் என்ற விளையாட்டின் விதிகளில் ரைஃபிள் 24 அங்குலம் சுடும், வீட்டு அளவில் கணக்குப் போட்டால் 34 மீட்டர்தான், நிஜ ரைஃபிள் அதைப் போலப் பல மடங்கு போகும். சிப்பாய் ஓர் அளவில், நிலம் வேறோர் அளவில் என்று ஏற்றுக்கொண்டுதான் இந்த விளையாட்டே நடக்கிறது. 10 மீட்டர் நீளப் பண்ணை வீட்டை அளவு பிசகாமல் செய்தால் 18 சென்டிமீட்டர் ஆகிவிடும், அப்படி ஆறு வீடு வைத்தால் சிப்பாய்க்கு ஓட இடமிருக்காது.

நார்மண்டி வீட்டுக்கு என்ன நிறம்? நான் வெள்ளை அடித்தேன், பொருந்தவே இல்லை.
(வாசகர், மதுரை)

சுத்த வெள்ளையை மறந்துவிடுங்கள். நார்மண்டியில் இருக்கும் கான் (Caen) நகரத்தைச் சுற்றி வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல் பாலேட்டு மஞ்சள் நிறம், கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய் லண்டன் கோபுரத்தின் வெள்ளைக் கோட்டைக்கும் கேன்டர்பரி தேவாலயத்துக்கும் பயன்பட்ட கல் அது. அதற்கு முதலில் மணல் நிறம் அடித்து, ஸ்பாஞ்சில் வெளிர் மஞ்சளைத் தொட்டு ஒற்றி, சில கற்களை மட்டும் சாம்பல் கலந்து தனித்தனியாக மாற்றுங்கள். காய்ந்தபின் நீர்த்த பழுப்பைக் கல் இடுக்குகளில் ஓடவிட்டு, கடைசியில் வெளிர் நிறத்தைத் தொட்ட பிரஷ்ஷை ஏறக்குறைய உலரும்வரை துடைத்துவிட்டு மேடுகளை மட்டும் தடவுங்கள். சிலேட்டுக் கூரைக்கு நீலம் துளி கலந்த சாம்பல்.

கானுக்குக் கிழக்கே போனால் வேறு வீடு: மரச்சட்டம் அடித்து இடையில் களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பியது. நம் மண்சுவர் வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைக்கோல் கூரை போட்டிருந்தால் முகட்டில் வரிசையாக ஐரிஸ் செடி நட்டிருப்பார்கள், அதன் வேர் முகட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பச்சை ஸ்பாஞ்சுத் துணுக்கும் ஊதாப் புள்ளியும் போதும்.

மழை எங்கே வழியும் என்று யோசித்து அழுக்குப் பூசுங்கள். ஜன்னல் திண்டின் இரண்டு முனையிலிருந்தும் கீழே கறை இறங்கும். தரையோடு ஒட்டி, வீட்டின் அளவுக் கணக்கில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு தெறித்த பழுப்பு, வெயில் படாத பக்கம் கொஞ்சம் பாசி.

நீங்கள் இவ்வளவு ஆசையாக ஒரு வீட்டைக் கட்டுவது அதற்குள் சண்டை போடத்தானா? பள்ளி ஆசிரியையாக எனக்கு இது உறுத்துகிறது.
(வாசகி, தஞ்சாவூர்)

உறுத்துவது நியாயம்தான் அம்மா. எனக்கும் உறுத்தியிருக்கிறது, இன்னும் முழுதாகப் போகவில்லை. 1944 கோடையில் நார்மண்டியில் சுமார் 20,000 பொதுமக்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் ஜெர்மானியர்களின் பிடியிலிருந்து அவர்களை விடுவிக்க வந்த நேச நாடுகளின் குண்டுவீச்சில். சான்-லோ நகரம் ஏறக்குறைய முழுவதுமாக இடிந்தது. கானில் வீடிழந்த ஆயிரக்கணக்கானவர்கள், மேலே சொன்னேனே, அந்தக் கல் வெட்டின பழைய சுரங்கங்களுக்குள் வாரக்கணக்கில் ஒளிந்திருந்தார்கள். இதையெல்லாம் நான் படித்தது கூரைக்கு என்ன நிறம் என்று தேடப் போய்த்தான்.

விளையாட்டு யாருக்கும் போரைக் கற்றுத்தராது, போரை வெறுக்கவும் கற்றுத்தராது. ஆனால் மேசையில் இருப்பது வெறும் தடுப்பு அல்ல, ஒருவருடைய வீடு என்று தெரியும்படி கட்டினால், பகடை உருட்டும்போது பேச்சு வேறு மாதிரி ஆகிறது. என் அண்ணன் மகள், வயது 11, பீரங்கிக் குண்டு விழுந்த வீட்டின் கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இங்கே இருந்தவங்க எங்கே போனாங்க சித்தப்பா?” என்று கேட்டாள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தச் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். உங்கள் வகுப்பில் விளையாட்டு வேண்டாம், வீட்டை மட்டும் கட்டிப் பாருங்கள், அதில் நிறைய வரலாறு இருக்கிறது.

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையும் பெயர்ப்பலகையும் வெட்டுகிற லேசர் கடை இருக்கிறது. நானே வரைந்து கொடுத்தால் வெட்டித் தருவார்களா?
(வாசகர், ஈரோடு)

தருவார்கள். கணினியில் கோட்டுப் படமாக வரைந்து கொண்டுபோக வேண்டும், எந்தக் கோட்டை வெட்ட வேண்டும், எதைக் கீறினால் போதும் என்று இரண்டு நிறத்தில் பிரித்துக் காட்டுங்கள். வரைவதற்கு முன்னாலேயே கடையில் இருக்கும் பலகையை அளந்துவிடுங்கள், 3 மில்லிமீட்டர் என்று விற்பது சரியாக 3 இருக்காது, அந்த அளவில்தான் உங்கள் காடி இருக்க வேண்டும். லேசர் எரிக்கும் அகலம் 0.1-லிருந்து 0.2 மில்லிமீட்டர்வரை வரும், அதனால் கணக்குப்படி வரைந்தாலும் இணைப்பு கொஞ்சம் தளர்வாக வரும். முதலில் ஒரு நாக்கும், 0.1 வித்தியாசத்தில் நாலைந்து காடியும் மட்டும் வெட்டிப் பாருங்கள், இறுக்கமாக உட்காரும் அளவைக் குறித்துக்கொண்டு பிறகு வீட்டை வரையலாம். ஜன்னலுக்கு பி.வி.சி. தாளை அந்த இயந்திரத்தில் வெட்டச் சொல்லாதீர்கள், எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஆளுக்கும் கெடுதல், இயந்திரமும் அரித்துப்போகும். அக்ரிலிக் பரவாயில்லை. அப்புறம், அடுத்தவர் விற்கிற கிட்டை அளந்து நகல் எடுக்காதீர்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற சின்னப் பட்டறைகள் அவை.

கதவை வரையும்போது உங்கள் சிப்பாய் ஒருவனைக் கடைக்கே எடுத்துப் போய்விடுங்கள். வெட்டின துண்டு சூடு ஆறுவதற்குள் அவனை நிலையில் நிறுத்திப் பார்த்துவிடலாம்.